புகைக் குழாயை மூடியவன்

முப்பத்தொரு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவன் நான். ‘கார்பன் மோனாக்சைடு நிறமற்றது, மணமற்றது, நச்சுத்தன்மை உடையது’ என்ற வரியை எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நச்சு என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போடுவேன். அந்த மூன்றில் ஒன்றை மறந்துவிட்டு வரும் பையன்களைப் பெஞ்சுமேல் ஏற்றி நிற்க வைத்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனிமேல் சொல்லப்போவதைப் படித்துவிட்டு, ‘பாவம், தெரியாமல் செய்துவிட்டார்’ என்று யாரும் எனக்காக உச்சுக்கொட்டக் கூடாது. தெரிந்தவன்தான் செய்தேன்.

பூலாம்பாடிப் பக்கம் பிறந்து, பெரம்பலூரைச் சுற்றியே வேலை பார்த்து, ஓய்வு பெறும் சமயத்தில் மனைவியின் ஊரான அரியலூரில் வீடு கட்டினேன். கீழே நாங்கள் இருவர். மாடியை வாடகைக்கு விட்டோம். வாஸ்து பார்த்தவர் குளியலறை வாயு மூலையில்தான் வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றதால், மாடிக் குளியலறை எங்கள் வாசலுக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு ஒரு சின்ன வென்டிலேட்டர் உண்டு. பல்லி வருகிறது என்று அதையும் கண்ணாடி போட்டு அடைத்தது நான்தான்.

மாடிக்கு வந்தவர்கள் கல்யாணமாகி மூன்று வருடம் ஆன ஜோடி. அவன் ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தான். சொந்த ஊர் உடையார்பாளையம் பக்கம். கொஞ்சம் முந்திரிக் காடு உண்டு. அவளுக்கு இருபத்து நான்கு, இருபத்தைந்து இருக்கும். அதிர்ந்து பேசமாட்டாள். என்னை ‘சார்’ என்றும் என் மனைவியை ‘அம்மா’ என்றும் கூப்பிடுவாள். குழந்தை இல்லை என்பதை அவளாக எங்களிடம் சொன்னதில்லை. அவளைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள், “என்ன, ஏதும் விசேஷம் உண்டா?” என்று கேட்டுவிடுவார்கள். அவள் “வாங்க, வாங்க” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடுவாள். அதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

கார்த்திகையில் அவன் என்னிடம் அனுமதி கேட்டு, குளியலறைக்கு ஒரு கேஸ் கீசர் வாங்கி வந்தான். மாட்ட வந்த மெக்கானிக் சுவரில் ஓட்டை போட்டு, புகைக் குழாயை வாசல் பக்கமாக வெளியே நீட்டினார். வெளிமுனை கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

“சார், கொழாய்க்கு வெளிப்பக்கமா வாட்டம் குடுத்துருக்கேன், ஏன்னா…” என்று ஆரம்பித்தார்.

“அதெல்லாம் இருக்கட்டும். பெயின்ட் அடிச்சு ஆறு மாசம்கூட ஆவல, சுவத்துல விரிசல் வராம பாத்துக்கங்க” என்றேன்.

அவர் அந்த ‘ஏன்னா’வோடு நிறுத்திக்கொண்டார். யாராவது எனக்கு எதையாவது விளக்க வந்தால் பாதியில் வெட்டிவிடுவது வகுப்பறையில் ஒட்டிக்கொண்ட வியாதி. இன்னும் போகவில்லை.

மார்கழி பிறந்தது. என் மனைவி விடியற்காலையில் வாசல் தெளித்து, தெருவை அடைத்துக் கோலம் போட்டு, நடுவில் சாணிப் பிள்ளையார் வைத்துப் பூசணிப்பூ செருகுவாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கோலத்தின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மாவு கரைந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தோம். குழாய் முனையில் ஒரு சொட்டு திரண்டு, கொஞ்ச நேரம் தொங்கி, விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. புதுப் பெயின்டில் காப்பிக் கறை மாதிரி ஒரு கோடு வேறு இறங்கியிருந்தது.

“மேல குளிக்கிறாங்க. அந்தத் தண்ணிதாங்க வருது” என்றாள் என் மனைவி.

நானும் ஆமாம் என்றேன். குளியலறையிலிருந்து வரும் குழாய், அதில் தண்ணீர், மேலே ஆள் குளிக்கும் சத்தம். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. கேஸ் எரிந்தால் நீராவி உண்டாகும், அந்த நீராவி மார்கழிக் குளிரில் கிடக்கும் குழாயில் பட்டால் தண்ணீராகிச் சொட்டும். இது சின்னப் பிள்ளைகளுக்கான பாடம். கோலத்தில் விழுந்தது அதுதான். யார் உடம்பையும் தொடாத தண்ணீர்.

“வயசுப் பொண்ணு தலைக்கு ஊத்திக்கிற தண்ணி, தீட்டுத் தண்ணியெல்லாம் மார்கழி மாசத்துல கோலத்து மேல விழுந்தா எப்படிங்க?” என்றாள் மனைவி. அவள் சொன்ன பிறகு எனக்கும் அந்தச் சொட்டுகளைப் பார்க்கவே உடம்பு கூசியது. வாசலைக் கடக்கும்போது வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்தேன். எம்.எஸ்ஸி. படித்தவன் நடந்த நடை அது. இன்று நினைத்தாலும் என்னைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

மாடிக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? அடுத்தவன் பெண்டாட்டி குளிக்கிற தண்ணீரைப் பற்றி ஓர் ஆம்பளை போய்ப் பேசமுடியுமா? என் மனைவிக்கும் வாய் வரவில்லை. “சின்னஞ்சிறுசுங்க, மனசு சங்கடப்படும். நாமளே ஏதாச்சும் பண்ணிடலாம்” என்றாள். நாகரிகம் பார்த்தோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் மெக்கானிக்குக்குப் போன் போட்டிருப்பான். அவரும் தன் ‘ஏன்னா’வைச் சொல்லி முடித்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நெய் வாங்கிய தகர டப்பா ஒன்று காலியாகக் கிடந்தது. வெளிப்படிக்கட்டில் ஏறி, மாடி வராந்தாவின் கைப்பிடிச் சுவரோரம் முக்காலி போட்டு, என் மனைவி அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் எக்கி அந்த டப்பாவைக் குழாய் முனையில் மாட்டினேன். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. காற்றுக்கு விழுந்துவிடக் கூடாது என்று சந்தில் தேங்காய் நார் அடைத்து, கட்டுக்கம்பியால் நான்கு சுற்று சுற்றினேன். சொட்டுவதெல்லாம் டப்பாவுக்குள் விழும், வெயில் ஏறினால் காய்ந்துவிடும் என்பது என் திட்டம். இறங்கி வந்து கை கழுவிக்கொண்டு, பெரிய காரியம் சாதித்தவனாக இரண்டாவது காப்பி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் கோலம் கலையாமல் கிடந்தது. “பாத்தியா?” என்றேன்.

“பரவால்லியே” என்றாள் என் மனைவி.

மூன்றாம் நாள் காலை ஏழு மணி இருக்கும். அவன் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தான். மாடியில் தொம் என்று ஒரு சத்தம். என் மனைவி ஓடினாள், பின்னால் நான். அந்தப் பெண் குளியலறை வாசலில், உள்ளே பாதியும் வெளியே பாதியுமாக, நனைந்த நைட்டியோடு சுருண்டு கிடந்தாள். தாழ்ப்பாளைத் திறக்கும் அளவுக்குக் கையில் தெம்பு மிச்சமிருந்திருக்கிறது. அந்தத் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகலாக இருந்திருந்தால், இதை நான் வேறு இடத்தில், வேறு ஆட்களிடம் சொல்லவேண்டியிருந்திருக்கும்.

முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள். திறந்ததும் வாந்தி எடுத்தாள். “தல சுத்துதும்மா… கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வருது” என்றாள். வராந்தாவில் கொண்டுவந்து படுக்க வைத்தோம். காற்றுப் பட்டதும் கொஞ்சம் தெளிந்தாள். என் மனைவி குனிந்து அவள் காதோரம் ஏதோ கேட்டாள். அவள் முகம் மாறியது.

“நாலு நாளு தள்ளியிருக்கும்மா.”

கல்யாணமான பெண், மயக்கம், வாந்தி, நாளும் தள்ளியிருக்கிறது. இதற்குமேல் எங்கள் பக்கத்தில் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? என் மனைவி அவர்கள் அடுப்படிக்குள் புகுந்து ஒரு பிடி சர்க்கரை அள்ளிவந்து அவள் வாயில் போட்டாள். “விசேஷம்தான் கண்ணு! மசக்கையேதான்!” அந்தப் பெண் சர்க்கரையை முழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டே அழுதாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. நான் ஒரு ஓரமாக நின்று, பெரிய மனுஷன் தோரணையில் “இனிமே எல்லாம் பாத்துப் பாத்து நடக்கணும்மா” என்று புத்தி சொன்னேன். நான் சாய்ந்து நின்ற சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் டப்பா தொங்கிக்கொண்டிருந்தது.

மாமியார் மதியப் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். கையில் மல்லிகைப்பூ, ஒரு பை முந்திரிப்பருப்பு. படியேறும்போதே என்னைப் பார்த்து, “எங்க வூட்டுக்கு விடிவுகாலம் வந்துருச்சுங்க சார்” என்றார். மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கிற கார்டு வாங்கிப் பார்த்துவிடலாமா என்று மகன் கேட்டதற்கு, “அதெல்லாம் வேணாம். நாப்பது நாளு ஆவட்டும், டாக்டரம்மாகிட்டயே போவலாம். அவசரப்பட்டா கண்ணு பட்டுடும்” என்று அடக்கிவிட்டார். கூடவே இன்னொரு சட்டமும் போட்டார். “கதவ சாத்திக்கிட்டு தனியா குளிக்கிறதெல்லாம் கூடாது. நான் பக்கத்துல நிப்பேன்.” அன்றிலிருந்து கதவைத் திறந்து போட்டு, அந்த அம்மா வாசலில் நிற்க, அவள் சட்டுபுட்டென்று குளித்துவிட்டு வந்தாள். அந்த அம்மாவின் பயம்தான் அவளைக் காப்பாற்றியது.

மற்ற நாட்களில் நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு ஷிப்டுக்கு ஓடுபவனுக்கு அந்த வாரச் சனிக்கிழமை லீவு. எண்ணெய் தேய்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, சீயக்காய் போட்டு நிதானமாகக் குளித்தான். பிறகு வெளிப்படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தான். முகம் வெளிறியிருந்தது. “சார், தல வெடிக்கிற மாதிரி இருக்கு, மாத்திர ஏதாச்சும்…” என்றவன், முடிப்பதற்குள் சாக்கடைப் பக்கம் குனிந்து வாந்தி எடுத்தான்.

என் மனைவி சிரித்துவிட்டாள். “என்ன தம்பி, பொண்டாட்டிக்கு மசக்கைன்னா புருஷனுக்குமா?”

மாடியிலிருந்து எட்டிப் பார்த்த அவன் அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். வாய் சிரித்துக்கொண்டிருக்கும்போதே மனசு வேறு கணக்குப் போட்டது. ஆம்பளைக்கு ஏது மசக்கை? ஒரே குளியலறை, ஒரே தலைசுற்றல், ஒரே வாந்தி. கண் தானாக மேலே போனது. டப்பா வெயிலில் பளபளவென்று இருந்தது. நிறமற்றது, மணமற்றது. இப்போது பெஞ்சுமேல் ஏறி நிற்கவேண்டியவன் யார்?

அவனை எங்கள் கூடத்தில் ஜன்னலோரம் உட்கார வைத்தோம். அவன் அம்மா பதறிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். அந்தப் பெண் மாடி உள்ளறையில் படுத்திருந்தாள். வராந்தாவில் யாரும் இல்லை. நான் மட்டும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறி, கம்பியை அவிழ்த்தேன். டப்பாவில் பாதிவரை தண்ணீர். அதை ஓரமாகக் கொட்டிவிட்டு, டப்பாவைத் துண்டில் சுற்றி, பின்பக்கமாகக் கொண்டுபோய் விறகுக்கு அடியில் செருகினேன். திருடன்கூட இன்னும் கொஞ்சம் தைரியமாகச் செய்திருப்பான்.

கூடத்துக்கு வந்தேன். அப்போது சொல்லியிருக்கவேண்டும். வாயில் வந்தது இதுதான்.

“தம்பி, பொகக் கொழாயில குருவி கூடு கட்டி அடைச்சிருந்துச்சு. அதான் பொக உள்ளயே நின்னுருக்கு. எடுத்துட்டேன். இனிமே கதவ கொஞ்சம் தெறந்து வெச்சிட்டுக் குளிங்க.”

அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “நல்லவேள சார், நீங்க கவனிச்சீங்க. இல்லன்னா என்னாயிருக்கும்!”

“வாத்தியார் வூட்ல குடியிருக்கோம்ல, அதான்” என்றார் அவன் அம்மா.

அரியலூரில் குருவியைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது? இல்லாத குருவியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு, பாராட்டையும் வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள் என்றாவது சொன்னேனா என்றால் அதுவும் இல்லை. டாக்டர் ஏதாவது கிளறிக் கேட்பார் என்று பயம். தன் மனைவி மயங்கி விழுந்ததும் இதே புகையாலோ என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது மசக்கை என்று ஏற்கெனவே தீர்ப்பாகி, சர்க்கரையும் போட்டாயிற்று. முடிந்துபோன விஷயத்தை அவன் ஏன் திரும்ப எடுக்கப் போகிறான்?

என் மனைவி மட்டும் ராத்திரிச் சாப்பாட்டின்போது என் முகத்தைப் பார்த்தாள். “குருவிக்கூடா?” என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். முக்காலியைப் பிடித்தவள் அவள்தான். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை.

அடுத்த ஆறு நாட்கள்தான் எனக்கு இன்னும் ஆறாத இடம். டப்பா மாட்டியது முட்டாள்தனம். அதற்காக என்றாவது ஒருநாள் என்னை நானே விட்டுவிடுவேனோ என்னவோ. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அதற்கு ஒரு சமாதானமும் கிடையாது. மாடியில் நல்ல மிளகு ரசம் மணந்தது. அந்த அம்மா மருமகளைத் துடைப்பத்தைத் தொட விடவில்லை. அந்தப் பெண் வராந்தாவில் நடக்கும்போது கை தன்னையறியாமல் வயிற்றுமேல் போய் நின்றது. ஒருநாள் என்னைப் பார்த்துச் சிரித்து, “எம் புள்ளைக்கு நீங்கதான் சார் டியூஷன் எடுக்கணும்” என்றாள். அவ்வளவு நாளில் என்னிடம் அவளாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்போதாவது, ‘அம்மா, ரொம்ப ஆசையை வளர்த்துக்காத, அன்னிக்கு நடந்தது வேற’ என்று சொல்லியிருக்கலாம். “எடுத்துட்டாப் போச்சு” என்றேன்.

எனக்கு ஒரே ஒரு பிடிமானம் இருந்தது. புகை மயக்கம் தரும், வாந்தி தரும், நாளைத் தள்ளிப்போடுமா? நாலு நாள் தள்ளியிருந்ததே, அது நான் செய்ததில்லையே. நிஜமாகவே இருக்கலாமே. அந்த நாலு நாளைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். காலையில் வாசல் பிள்ளையார் முன்னால் நின்று, அந்தப் பெண்ணுக்கு ஒரு பிள்ளையைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். கேட்டால் உருக்கமாக இருக்கும். என் டப்பாவை மறைக்க எனக்கு ஒரு பிள்ளை தேவைப்பட்டது என்பதுதான் நிஜம்.

ஏழாம் நாள் அவளுக்கு வந்துவிட்டது. யாரும் எங்களிடம் வந்து சொல்லவேண்டியிருக்கவில்லை. மாடியிலிருந்து அந்த அம்மாவின் குரல் தெருவரை கேட்டது. “தங்கலையே! உண்டானது கலஞ்சிருச்சே! வாளியத் தூக்காதன்னு சொன்னனா இல்லியா? தாம்தூம்னு படியில எறங்குனா எப்படித் தங்கும்?” அந்தப் பெண்ணின் குரல் கேட்கவே இல்லை. மறுநாள் காலைப் பஸ்ஸில் அந்த அம்மா ஊருக்குப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் அந்தப் பெண் கீழே இறங்கி வந்தாள். என் மனைவி ஆசையாகப் புளிச்சோறு கிளறிக் கொடுத்தனுப்பிய தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். வாசற்படியில் நின்று, “அன்னிக்கு எவ்ளோ சந்தோஷமா சர்க்கர போட்டீங்க. என்னாலதான் காப்பாத்திக்க முடியல. ஏமாத்திட்டேம்மா, மன்னிச்சிக்கங்க” என்றாள். எங்களிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் நாற்காலியில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் படியேறிப் போனதும் என் மனைவி பேப்பரைப் பிடுங்கினாள். “குருவிக்கூடு இல்ல, அந்த டப்பாதான?” என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். “நானும்தான் முக்காலிய புடிச்சேன். தீட்டு கீட்டுன்னு ஆரம்பிச்சதே நாந்தான். வாங்க, போயி சொல்லிடுவோம்” என்றாள். அவள்தான் விறகுக்கடியிலிருந்து டப்பாவைத் தேடி எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

மாடியில் அவள் தனியாக இருந்தாள். டப்பாவைக் காட்டிச் சொன்னேன். கோலம், சொட்டு, முக்காலி, கம்பி, புகை, எல்லாம். முதலில் அவளுக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னேன்.

“அப்ப… அன்னிக்கு எனக்கு வந்தது?”

“பொகையாலதாம்மா. உன் உயிரே போயிருக்கும். எல்லாம் என்னாலதான். சாயங்காலம் தம்பி வந்ததும் அவருகிட்டயும் சொல்லிடுறேன்.”

திட்டுவாள், அழுவாள், புருஷனுக்குப் போன் போடுவாள் என்று எதற்கும் தயாராகப் போயிருந்தேன். அவள் எழுந்து போய் வராந்தாக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“அவுருகிட்ட சொல்லாதீங்க சார்.”

“ஏம்மா?”

“மூணு வருஷமா எங்க அத்த என்னை ஒரு பேரு சொல்லித்தான் பேசுவாங்க. நேத்து அவ்ளோ திட்டுனப்பகூட அந்தப் பேர சொல்லல. உண்டாகி கலஞ்சது வேற, உண்டாகாததே வேற சார். ஒரு தடவ உண்டானவ மறுபடியும் உண்டாவான்னு, அவுருக்கு வேற பொண்ணு பாக்குற பேச்ச வுட்டுட்டாங்க. நீங்க இப்பப் போயி அது பொகைன்னு சொன்னீங்கன்னா…”

உயிர் போயிருக்கும் என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “சொல்ல மாட்டோம் கண்ணு” என்றாள். மனசிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வரலாம் என்று போனேன். அதே டப்பாவோடு திரும்பி இறங்கினேன்.

அவர்கள் இப்போது வேறு ஊரில் இருக்கிறார்கள். ஆள் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் இதை எழுதியிருக்கிறேன். அப்படியும் கொடுத்த வாக்கை மீறுகிறேனா என்றால், மீறுகிறேன் என்றுதான் தோன்றுகிறது.

அந்த வாரமே மெக்கானிக்கை வரவழைத்தேன். அந்தத் தண்ணீர் வெளியே சொட்டத்தான் வாட்டம், முனையை அடைக்கவே கூடாது என்று அவர் சொன்னதை இந்தத் தடவை வாயைத் திறக்காமல் முழுக்கக் கேட்டேன். வென்டிலேட்டர் கண்ணாடியைக் கழற்றினோம். டப்பாவை எடுத்த நாளிலிருந்தே குழாய் பழையபடி சொட்டிக்கொண்டுதான் இருந்தது. என் மனைவி கோலத்தை இரண்டடி தள்ளிப் போட்டாள். முதல் நாளே செய்யவேண்டியிருந்ததும் அவ்வளவுதான்.

தை பிறந்து பொங்கல் முடிந்த வாரம், அந்த அம்மா கரும்பும் பூசணியுமாக வந்து இறங்கினார். கூட அவருடைய தங்கை. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண் மாமியாரை வரவேற்க மாடிப்படியில் பாதிவரை இறங்கி வந்திருந்தாள். படியில் கால் வைப்பதற்குமுன் அந்தத் தங்கை, மருமகள் காதில் விழட்டும் என்றே, “மூணு வருஷமா இல்லாதது திடீர்னு உண்டாச்சாம், ஒரே வாரத்துல கலஞ்சுதாம். யாரு பாத்தா, அக்கா?” என்றார்.

அந்த அம்மாவுக்குச் சுருக்கென்றது. என் பக்கம் திரும்பினார்.

“சார் பாத்தாரு. படிச்சவரு, எத்தன புள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவரு, பொய் சொல்ல மாட்டாரு. சார், நீங்களே சொல்லுங்க. அவ மயங்கி விழுந்து வாந்தி எடுத்தத நீங்க உங்க கண்ணால பாத்தீங்கல்ல?”

“பாத்தேம்மா.”

“மசக்கைதான சார்?”

படியில் நின்ற பெண் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“மசக்கைதாம்மா” என்றேன்.

அந்த அம்மா தங்கையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கரும்பைக் கீழே வைத்துவிட்டு, என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.